ஒத்தவாலோவில் கழற்றிப் போட்ட சட்டை

என் மகள் அமலினிக்குப் பதினெட்டு வயதாக மூன்று கிழமை இருக்கும்போது, என் முதலாளி சிஞ்ஞோரா லொரெதானா என்னை உலகத்தின் மறுபக்கத்துக்குக் கம்பளிச் சட்டை வாங்கக் கூப்பிட்டார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்ச் மாதம். சிஞ்ஞோராவுக்கு இத்தாலியில், பலேர்மோவின் கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு கடை. இந்தியச் சாம்பிராணி, ஆபிரிக்க மேளம், தென்னமெரிக்கக் கம்பளிச் சட்டை என்று உலகத்தில் ஏழைகள் செய்வதையெல்லாம் வாங்கிப் பணக்காரருக்கு விற்பார். நான் அங்கே பெட்டி தூக்குபவன், தூசி தட்டுபவன், எல்லாவற்றுக்கும் மேலாக விலை பேசுபவன். யாழ்ப்பாணம் பெரியகடையில் புடைவை வியாபாரம் செய்தவரின் மகன் நான். குருநகர்ப் பெண்களோடு தகப்பன் விலை பேசுவதைக் கேட்டுத்தான் எனக்குப் பேச்சே வந்தது என்று வீட்டில் சொல்வார்கள்.

நேப்பிள்ஸ் மொத்த வியாபாரி சட்டைக்கு மூன்று மடங்கு வைக்கிறான், நாமே தென்னமெரிக்காவில் எக்குவதோர் மலைக்குப் போய் வாங்குவோம் என்பது சிஞ்ஞோராவின் கணக்கு.

என் கணக்கு வேறு. இத்தாலியச் சட்டப்படி பதினெட்டு ஆகும்வரைதான் பிள்ளை பிள்ளை. அதற்கு மறுநாள் அவள் யாரோ ஒரு வளர்ந்த ஆள், தகப்பன் கூப்பிட முடியாது. அமலினிக்கு ஏப்ரல் இரண்டாம் திகதி பதினெட்டு. அவளும் என் மனைவி விமலராணியும் கொழும்பில் ஒரு லொட்ஜில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடும் பத்திரங்களைக் கொடுக்க, குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகம் எனக்குத் தந்த நாள் மார்ச் இருபத்தாறு, புதன்கிழமை. வெளிநாட்டவருக்கான யன்னல் திங்களும் புதனும் மட்டுமே திறக்கும். அடுத்த திங்கள் ஈஸ்டர் விடுமுறை. அதற்கடுத்த புதன் ஏப்ரல் இரண்டு. ஆகவே எனக்கு இருந்தது ஒரே ஒரு காலை நேரம்.

பத்திரங்களில் ஒன்று, நான் குடியிருக்கும் வீடு இருவருக்கும் இடம் போதுமானது என்று வீட்டுக்காரர் எழுதும் கடிதம். வீட்டுக்காரர் சிஞ்ஞோராதான்.

“கடிதமா, கிரெகோரியோ? தாராளமாக. பயணம் புறப்படும் நாளில் கையெழுத்து வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை திரும்பிவிடுவோமே.”

அவர் பிறந்தது எங்கள் பெரியகடையில்தானோ என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும். சொன்னபடியே, விமான நிலையம் போகும் காரில் வைத்துத்தான் கையெழுத்து வைத்தார். கடிதத்தை வீட்டில் கொண்டுபோய் வைக்க நேரமில்லை. பிளாஸ்ரிக் உறை ஒன்றில் கடவுச்சீட்டு, பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி, அந்தக் கடிதம், விண்ணப்பத்தில் ஒட்ட வாங்கிய இருபதாயிரம் லீரா முத்திரை எல்லாவற்றையும் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். என் குடும்பம் முழுவதும் அந்த உறைக்குள் இருந்தது.

எங்களோடு மூன்றாவது ஆளாக நாகபூசணியும் வந்தாள். சிஞ்ஞோராவின் வீட்டு வேலை அவளுடையது. நல்லூர்ப் பக்கம். வாய் கொஞ்சம் அதிகம், மனம் அதைவிட அதிகம். விமானம் ஏறும்போது கந்தனையும் பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள்.

“இரண்டு பேரையும் ஏன் கரைச்சல் படுத்துறீர்?” என்றேன்.

“இது பெரிய தூரம், அண்ணை. ஒராளுக்குக் கஷ்டம்.”

ஒத்தவாலோ என்ற அந்த மலையூருக்குப் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை மாலை. சனிக்கிழமைதான் பெரிய சந்தை. விடிந்தபோது சிஞ்ஞோராவுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. மலைக்காற்று மெல்லியது, கொழுத்த சுவாசப்பைக்கு அது போதாது. கட்டிலில் படுத்தபடியே கட்டளை பிறந்தது. காசு நாகபூசணியிடம். பேச்சு என்னிடம். நாற்பது சட்டை. ஒன்று முப்பதாயிரம் சூக்ரேக்கு மேல் போகக் கூடாது. போனால் வெறுங்கையோடு வா.

“சனத்துக்குள் பிளேட்டால் பையை வெட்டுவார்களாம், புத்தகத்தில் போட்டிருக்கிறது. கவனம்” என்று கடைசியாகச் சொன்னார். அந்த ஒரு வசனம்தான் என்னைக் கவிழ்த்தது.

சந்தை ஒரு சதுக்கம். சுற்றிவர மலை, மலைக்கு மேல் முகில் தொப்பி. பெண்கள் வெள்ளைச் சட்டையில் பூவேலை, கருநீலப் பாவாடை, கழுத்தில் வரிவரியாகப் பொன்மணி. ஆண்களுக்கு முதுகில் ஒற்றைப் பின்னல். மறுநாள் குருத்தோலை ஞாயிறு என்பதால் பெண்கள் மூலையில் குந்தியிருந்து ஓலை பின்னி விற்றார்கள். நாகபூசணி தூரத்தில் நின்றே பொன்மணி வரிகளை எண்ணத் தொடங்கினாள்.

“அண்ணை, இவையள் எங்களை மாதிரித்தான் கிடக்கு. பொட்டு வைச்சால் கொக்குவில் பொம்பிளையள்.”

“நகையைப் பாராதையும். விலையைப் பாரும்.”

மூன்று சுற்று நடந்து, நாற்பது சட்டை ஒரே தரத்தில் இருந்த ஒரு கடையைப் பிடித்தேன். கபில நிறம், நெஞ்சில் வரிசையாக லாமா ஆடுகள், முன்பக்கத்தில் கங்காருவுக்குப் போல ஒரு பை. கடைக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் மிக்கேலா என்று பக்கத்துக் கடைக்காரி கூப்பிட்டதில் தெரிந்துகொண்டேன். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நல்ல வியாபாரிகளின் முகம் அப்படித்தான்.

குளிர் எலும்பைத் தொட்டது. மாதிரிக்கு ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்தேன், கழற்ற மனம் வரவில்லை. சனம் நெருக்கியது. சிஞ்ஞோராவின் பிளேட் ஞாபகம் வந்தது. மொஸ்கோ, உக்ரேன் என்று ஏஜென்ற் கையில் பனிக்குள் வந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நெரிசலில் பத்திரம் முதுகுப்பக்கம் இருக்கக் கூடாது, இரண்டு கையும் படும் இடத்தில் இருக்க வேண்டும். இடுப்பிலிருந்த உறையை எடுத்துச் சட்டையின் முன்பைக்குள் விட்டு, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

“எத்தினை மாசம், அண்ணை?” என்றாள் நாகபூசணி.

“சும்மா இரும்.”

மிக்கேலா கல்குலேற்றரை நீட்டினாள். நாற்பத்தெட்டாயிரம். நான் வயிற்றிலிருந்து கையை எடுத்து இருபதாயிரம் என்று அடித்தேன். அவள் சிரிக்கவில்லை, நாற்பத்தைந்து அடித்தாள். எனக்கு உள்ளுக்குள் பாட்டு வந்தது. பத்து வருடமாகப் பலேர்மோவில் தக்காளிக்கும் மீனுக்கும் பேசிக் களைத்த வாய்க்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டது.

எங்கள் பெரிய பலம், கடைக்காரர் முன்னால் தமிழில் வெளிப்படையாகத் திட்டம் போடலாம் என்பதுதான். பத்தாயிரம் மைலுக்கு ஒருவருக்கும் விளங்காது.

“அண்ணை, திரெந்தாவுக்கு மேலை போகாதேங்கோ. சிஞ்ஞோரா கொல்லுவா.”

“தெரியும். வெந்தொத்தோவிலை நிக்கிறன். இவ திரெந்தாசேய். இப்ப பாரும் என்ரை அப்பற்றை வேலையை.”

நான் இருபத்தெட்டிலும் அவள் முப்பத்தாறிலும் வந்து நின்றோம். அப்பாவின் வேலை என்பது இதுதான். பேச்சு இறுகும்போது சாமானைப் பொத்தென்று போட்டுவிட்டு நடக்க வேண்டும். மூன்றாவது கடை வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. அதற்குள் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் விலை உண்மையானது.

நான் சட்டையைத் தலைவழியாக உருவினேன். ஒரு நடிகனைப் போல அதைக் குவியல் மேல் எறிந்தேன். நாகபூசணியின் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு நடந்தேன்.

முதலாவது கடை. தொப்பிகள். கூப்பிடவில்லை.

இரண்டாவது கடை. புல்லாங்குழல்கள். கூப்பிடவில்லை.

மூன்றாவது கடை. குளிர் நெஞ்சில் வந்து மோதியது. சட்டை இல்லாத வெறும் நெஞ்சு போல இருந்தது. என் இரண்டு கையும் தாமாகவே வயிற்றைப் பொத்தப் போயின.

அங்கே வயிறு மட்டும்தான் இருந்தது.

“என்ன அண்ணை? முகம் வெளுத்துப் போச்சு. உங்களுக்கும் மலைக்காத்தோ?”

“பிள்ளை, பெர்மெசோ.”

“என்ன பெர்மெசோ?”

“சட்டைக்குள்ளை. பாஸ்போட், பெர்மெசோ, கடிதம், எல்லாம் அந்தச் சட்டைப் பைக்குள்ளை.”

நாகபூசணி இரண்டு கையையும் தலையில் வைத்தாள். “கடவுளே. விசரோ உங்களுக்கு? பெத்த பிள்ளையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு நடந்து வாறியள், அதுவும் என்ன ஒரு ஸ்டைலா!”

இந்த ஊரில் எனக்கு ஒரு தூதரகம் கிடையாது. பெர்மெசோ இல்லாமல் இத்தாலி விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஞாயிறு மாலை விமானம். புதன்கிழமை யன்னல் திறக்கும், என் பெயரைக் கூப்பிடும், நான் இந்த முகில் தொப்பிக்குக் கீழே நின்றுகொண்டிருப்பேன். கொழும்பில் அமலினி பெட்டியை அவிழ்ப்பாள்.

“ஓடுவம் வாங்கோ!”

“ஓடக் கூடாது. எனக்கு வேணுமெண்டு தெரிஞ்சால் அவ விலை வைப்பா.”

“ஐயோ, இப்பவும் வியாபாரமோ!”

நடந்தோம். சும்மா உலாவுபவர்கள் போல நடக்க முயன்றேன்.

மிக்கேலா சட்டைகளையெல்லாம் மடித்து அடுக்கியிருந்தாள். நாற்பது சட்டை, நாற்பதும் ஒரே கபிலம், நாற்பதிலும் ஒரே லாமா. எதை நான் எறிந்தேன் என்று லாமாவுக்கே தெரியாது. அவள் தையல் ஊசியோடு ஒரு பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்தாள்.

“தையல் பார்க்கிறேன்” என்று சைகை காட்டினேன். மேலிருந்த சட்டையை எடுத்து, தையலைத் தடவுவது போலப் பைக்குள் கையை விட்டேன். வெறுமை. அடுத்தது. வெறுமை. நாகபூசணி மற்றப் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

“கிடைச்சுதோ?”

“இல்லை. நீர் மெல்லமாப் பாரும், கள்ளர் மாதிரித் துழாவாதையும்.”

“புதன்கிழமை குவெஸ்தூராவிலை போய்ச் சொல்லுங்கோ, ஆட்டுக்குட்டி பெர்மெசோவைத் திண்டுபோட்டுதெண்டு.”

“மெர்கொலதி நோவே மணி. ஒன்பதுக்கு அங்கை நிக்காட்டில் எல்லாம் முடிஞ்சுது. பெர்மெசோ ஒரிஜினல் இல்லாமல் தொடவும் மாட்டாங்கள்.”

இருபது சட்டை. முப்பது. என் விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பதாவது சட்டை நாகபூசணியின் கையில் இருந்தது. அவள் பைக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மடித்தாள். மடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

யாரோ எடுத்துவிட்டார்கள். அல்லது அந்தச் சட்டை விற்றுவிட்டது. நாற்பத்தொன்றாக இருந்திருக்குமோ? நான் எண்ணவில்லையே. வியாபாரியின் மகன், எண்ணவில்லை.

“மெர்கொலதி, ஒன்பது மணிக்கா?” என்றது ஒரு குரல். இத்தாலிய மொழியில். அதுவும் ரோம் இத்தாலியம் இல்லை, கபோவில் மீன் விற்பவர்களின் சொல்லிழுப்போடு.

மிக்கேலா தையலை மடியில் வைத்திருந்தாள்.

நாகபூசணி என் முழங்கையைக் கிள்ளினாள். “அண்ணை, இவ...”

“மூன்று குளிர்காலம் பலேர்மோவில் இருந்தேன்” என்றாள் மிக்கேலா. “வீயா மக்வேதா வீதியில், நிலத்தில் துணி விரித்து. உங்கள் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் விலையெல்லாம் இத்தாலியனில் சொல்கிறீர்களே. திரெந்தா. வெந்தொத்தோ. திரெந்தாசேய். உங்கள் முதலாளி முப்பதுக்கு மேல் போகமாட்டாள் என்று முதலிலேயே தெரியும். அதனால்தான் கூப்பிடவில்லை. எப்படியும் திரும்பி வருவாய்.”

பத்து வருடமாகச் சந்தையில் நின்று நின்று எங்கள் எண்களெல்லாம் இத்தாலியனாகிப் போனதை நாங்களே கவனித்திருக்கவில்லை. வீட்டில் கத்தரிக்காய் விலை சொல்லும்போதுகூட அப்படித்தான். பத்தாயிரம் மைலுக்கு ஒருவருக்கும் விளங்காதாம்!

அவள் இடுப்பில் சுற்றியிருந்த நெய்த பட்டிக்குள் கையை விட்டாள். உறை வெளியே வந்தது. அதற்குள் இருந்த என் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இதில் மீசை இருக்கிறது.”

“வழித்துவிட்டேன்.”

“சட்டையை மடிக்கும்போது கண்டேன். உன்னுடையதுதானா என்று தெரிய வேண்டும், சும்மா யாருக்கும் கொடுக்க முடியாது. பிறகு பெர்மெசோ, குவெஸ்தூரா என்று இரண்டு பேரும் அழத் தொடங்கினீர்கள். அந்தச் சொற்களை நானும் அழுதிருக்கிறேன். எனக்குத் தரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.”

என் கை நீண்டபடியே நின்றது. இப்போது விலை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் எது கேட்டாலும் கொடுப்பதற்கு நான் தயாராக இருந்தேன். சிஞ்ஞோராவின் காசு, என் கைக்கடிகாரம், நாகபூசணியின் காப்பு எல்லாவற்றையும் அந்த ஒரு கணத்தில் மனதுக்குள் விற்று முடித்துவிட்டேன்.

அவள் உறையை என் கையில் வைத்துவிட்டாள். சும்மா. சாமானைக் கையில் கொடுத்த பிறகு விலை கேட்கும் வியாபாரியை நான் அதுவரை கண்டதில்லை.

“என் தம்பி மனுவேல் பலேர்மோவில், கால்சாப் பகுதியில் இருக்கிறான்” என்றாள். “போன வருடம் பத்திரமில்லாத எல்லாருக்கும் பெர்மெசோ கொடுத்தபோது அவனும் விண்ணப்பம் போட்டான். ஆயத்தமாகிக் கிடக்கிறது என்று சொல்கிறார்கள், எடுக்கப் போகமாட்டேன் என்கிறான். தெருவில் அவன் சாமானைப் பறித்தபோது ஒரு பொலிஸ்காரன் கத்தினான், அதிலிருந்து சீருடையைக் கண்டால் வாய் கட்டிப்போகும். நீ கதைக்கிற ஆள். ஒரு மணித்தியாலமாகப் பார்க்கிறேன். புதன்கிழமை அவனையும் கூட்டிப் போ.”

புதன்கிழமை. என் மகளின் நாளில். சீருடையைக் கண்டால் நடுங்குகிற ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குவெஸ்தூரா வாசலில் நிற்பதா? அவன் ஏதாவது பிழையில் மாட்டினால், என்னையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

“ஈஸ்டருக்குப் பிறகு கூட்டிப் போகிறேனே. நிதானமாக...”

“புதன்கிழமை. ஈஸ்டருக்குப் பிறகு உனக்கு என்னை ஞாபகம் இருக்காது.”

தலையாட்டினேன்.

“சட்டை முப்பதாயிரம்” என்றாள் மிக்கேலா. “உன் முதலாளிக்காக இல்லை, புதன்கிழமைக்காக.”

நாற்பது சட்டையையும் கட்டிக்கொண்டு வந்தோம். சிஞ்ஞோரா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார். இவ்வளவு மலிவாக யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்றார்.

செவ்வாய் பிற்பகல் பலேர்மோ. அன்று மாலை கால்சாவுக்குப் போகவேண்டும். போகாமல் வீட்டுக் கதிரையில் இருந்து உறையைத் திறந்து திறந்து மூடினேன். பெர்மெசோ இருந்தது, கடவுச்சீட்டு இருந்தது, கடிதம் இருந்தது. மூன்றையும் எத்தனை தரம் தொட்டுப் பார்த்தேனோ தெரியாது. எங்கோ ஒரு மலையில் இருக்கிறவள், நான் போனேனா இல்லையா என்று எப்படி அறியப் போகிறாள்?

தொலைபேசி அடித்தது. நாகபூசணி.

“அண்ணை, கால்சாவுக்குப் போட்டு வந்திட்டியளோ?”

“நாளைக்குப் பாப்பம் எண்டு...”

“பாப்பமோ? அவ உங்களுக்கு உறையைத் தந்திட்டுத்தான் கேட்டவ. கேட்டிட்டுத் தந்திருந்தால் நீங்கள் இப்ப அங்கை லாமா மேய்ச்சுக்கொண்டு நிப்பியள். வெளிக்கிடுங்கோ.”

மனுவேல் நெடியவன், நீண்ட பின்னல், கையில் கறுப்புத் தொப்பி. அக்காவின் பெயரைச் சொன்னதும் கண் கலங்கினான், குவெஸ்தூரா என்றதும் கதவைச் சாத்தப் பார்த்தான். அரை மணித்தியாலம் பேசினேன். பெரியகடையில் ஒரு கூறைச் சேலை விற்கக்கூட அவ்வளவு பேசவேண்டி வந்ததில்லை.

புதன் காலை ஆறு மணிக்கே வாசலில் எழுபது பேர். நம்மவர்கள் ஒற்றைத் தாளில் பெயர் எழுதி வரிசை வைத்திருந்தார்கள். நான் பதினேழு, மனுவேல் பதினெட்டு. அவன் தொப்பியை நெஞ்சில் அழுத்திக்கொண்டு செருப்பையே பார்த்தபடி நின்றான். என் கையும் ஓயவில்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறையைத் தடவியது.

ஒன்பதரைக்குப் பதினைந்தாம் ஆள் உள்ளே போனான். வாசலில் நின்ற பொலிஸ்காரர் அடுத்தவர்களின் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னுடையதைப் புரட்டினார்.

“முத்திரை எங்கே?”

உறையைக் குப்புறக் கவிழ்த்தேன். உதறினேன். முத்திரை இல்லை. பெர்மெசோவையும் கடவுச்சீட்டையும் கடிதத்தையும் ஆயிரம் தரம் தொட்ட கை, ஒரு தபால்தலை அளவு கடுதாசியைத் தேடவே இல்லை. அது அந்தச் சட்டைப் பைக்குள்ளேயே தங்கிவிட்டது. நாற்பதில் எதற்குள்ளோ.

“முத்திரை இல்லாமல் வாங்கமாட்டார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்த ஆள்.”

தெருமுனையில், மூன்றாவது கடை, புகையிலைக் கடை. அங்கேதான் முத்திரை விற்பார்கள். மனுவேலைப் பார்த்தேன். அவன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. இவனிடமா என் மகளை விட்டுப் போவது? வேறு யாரும் இல்லை.

“கூப்பிட்டால் சொல்லு, வருகிறான் என்று” என்று கத்திவிட்டு ஓடினேன்.

கடையில் எனக்கு முன்னால் ஒரு கிழவர் லொத்தர்ச் சீட்டுக்கு எண் தெரிவுசெய்துகொண்டிருந்தார். செத்துப்போன தம்பி கனவில் வந்தானாம், என்ன எண் போடுவது என்று கடைக்காரரோடு ஆலோசனை. அந்தத் தம்பிமேல் எனக்கு வந்த கோபத்தை இன்றுவரை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடியபோது, தெருவின் பாதியிலேயே சத்தம் கேட்டது.

“இருக்கிறார்! இருக்கிறார்! இதோ வருகிறார்!”

மனுவேல் குவெஸ்தூராவின் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் நின்றான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பொலிஸ்காரர் அவன் தோளில் கை வைத்துத் தள்ளப் பார்த்தார், அவன் நகரவில்லை. பின்னல் அவிழ்ந்திருந்தது. தொப்பியைத் தலைக்கு மேல் கொடி போல ஆட்டி, “பதினேழு இருக்கிறார்! முத்திரை வாங்கப் போனார்! சிஞ்ஞோர், பிள்ளைக்காக!” என்று பலேர்மோத் தெரு இத்தாலியனில் கத்திக்கொண்டிருந்தான். வரிசை முழுவதும் அவனோடு சேர்ந்து கத்தியது. கானாக்காரர், மொரோக்கோக்காரர், நம்மவர் எல்லாரும்.

பொலிஸ்காரர் கையை எடுத்தார். “சரி, சரி. ஓடு உள்ளே. உன் வக்கீலுக்குத் தொண்டை நல்லது.”

யன்னலில் இருந்த பெண் முத்திரையை ஒட்டி, சீல் அடித்து, ரசீதை நீட்டினாள். அதில் திகதியை மூன்று தரம் படித்தேன். மார்ச் இருபத்தாறு. வெளியே வந்தபோது மனுவேல் உள்ளே போய்க்கொண்டிருந்தான். அவனுக்காகக் கதைக்க நானும் பின்னால் போனேன். தேவைப்படவில்லை. அவனே கதைத்தான்.

நவம்பரில் குளிர் தொடங்கியதும் சிஞ்ஞோரா கம்பளிச் சட்டைகளை முன்னால் தூக்கச் சொன்னார். புதிய விற்பனைப் பெண் ஒவ்வொன்றாக உதறிக் கொளுவிக்கொண்டிருந்தாள். திடீரென்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இந்தச் சட்டைப் பைக்குள்ளை ஒரு முத்திரை கிடக்கு. இருபதாயிரம் லீரா. ஆற்றை இது?”

“என்ரை. கொண்டு வா இஞ்சை.”

அமலினி அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“பத்தாயிரம் தாங்கோ, தாறன்.”